லியோ கஸ்டெல்லி: கண்ணா, காசா, மாமனாரா?

#1 தெற்குஜன்னல்

போன வாரம் இன்னொரு இழையில் ஒருவர் கோபமாகக் கேட்டிருந்தார்: "படம் வரைந்தவன் ஒருவன். சுவரில் ஆணி அடித்தவனுக்கு எதற்குப் பாதிப் பணம்?" அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுவிட்டதால் தனி இழை.

அப்படி ஆணி அடித்த, அதாவது நியூயார்க்கில் படம் மாட்டி விற்கும் கேலரி நடத்திய ஒருவரையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். லியோ கஸ்டெல்லி, 1907-இல் ட்ரியெஸ்ட்டில் பிறந்தவர். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரியின் துறைமுகம். அப்பா ஹங்கேரிய யூதர், வங்கிக்காரர், குடும்பப் பெயர் கிராஸ். கஸ்டெல்லி என்பது அம்மா வீட்டுப் பெயர். முசோலினி காலத்தில் எல்லாரும் இத்தாலியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றபோது அது முன்னால் வந்து நின்றது. மிலானில் சட்டம் படித்தார், காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார், புக்கரெஸ்டுக்கு மாற்றல் ஆனது. அங்கே 1933-இல் இலியானா ஷப்பீராவைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணின் அப்பா ருமேனியாவின் பெரிய தொழிலதிபர்.

அப்புறம் பாரிஸ். 1939-இல் ஒரு நண்பருடன் சேர்ந்து வாந்தோம் சதுக்கத்தில் கேலரி திறந்தார். சில மாதத்தில் போர் வந்துவிட்டது. 1941-இல் குடும்பத்தோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். அமெரிக்க ராணுவத்தின் உளவுப் பிரிவில் இருந்தார், குடியுரிமை கிடைத்தது, அதற்குப் பிறகு மாமனாரின் ஸ்வெட்டர் தொழிற்சாலையில் உட்கார்ந்தார். பகலில் ஸ்வெட்டர், மாலையில் ஓவியர்கள். 1951-இல் ஒன்பதாம் தெருவில் இடிக்கப்போகிற ஒரு கட்டடத்தைப் பிடித்து ஓவியர்களே ஒரு கண்காட்சி வைத்தார்கள். போலக், டி கூனிங், க்ளைன் எல்லாரும் அதில் இருந்தார்கள். படங்களை மாட்டிக் கொடுத்தவர் இவர்தான். "என் படத்தை ஏன் மூலையில் வைத்தாய்" என்ற சண்டையையும் அப்போதே பார்த்துவிட்டார்.

தன் பெயரில் கேலரி திறந்தது 1957 பிப்ரவரியில், கிழக்கு 77-ஆம் தெரு, 4-ஆம் எண் வீட்டில். கேலரி என்றால் வீட்டுக் கூடம்தான். வயது 49.

நம் ஊரில் 49 வயதில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கூடத்தில் படம் மாட்டி விற்கப்போகிறேன் என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அடுத்த பதினைந்து வருடத்தில் அமெரிக்க ஓவியம் என்று உலகம் எதைச் சொன்னதோ, அதில் பாதி அந்தக் கூடத்தின் வழியாகப் போனது. அவரிடம் இருந்தது நல்ல கண் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண் நிறைய பேருக்கு இருந்தது. இவர் செய்த வித்தியாசமான காரியம் இரண்டு: விற்றாலும் விற்காவிட்டாலும் ஓவியருக்கு மாதாமாதம் காசோலை, அப்புறம் யாருக்கு விற்பதில்லை என்கிற பிடிவாதம்.

#2 சும்மா_வந்தவன்

மாமனார் வீடு, மாமனார் ஃபேக்டரி, மாமனார் பணம். இதில் பிடிவாதம் எங்கே வந்தது? எனக்கும் ஒரு மாமனார் இருக்கிறார். ஒரு ஸ்கூட்டர் கொடுத்தார். அதையும் தவணை பாக்கியோடு கொடுத்தார்.

#3 இலுப்பைப்பூ

மாமனாரைப் பேசுகிறவர்கள் அவர் மகளை விட்டுவிடுகிறீர்களே. கண் யாருக்கு இருந்தது என்று கேட்டால் நான் இலியானா பக்கம்.

1957 மார்ச். கணவன் மனைவி இருவரும் பேர்ல் தெருவில் ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க்கின் ஸ்டுடியோவுக்குப் படம் பார்க்கப் போகிறார்கள். ஏதாவது குடிக்கலாம் என்கிறார் ராஷன்பர்க். ஐஸ் இல்லை. கீழ் மாடியில் ஜாஸ்பர் வீட்டில் எடுத்து வருகிறேன் என்கிறார். கஸ்டெல்லி சில நாட்களுக்கு முன்புதான் யூத அருங்காட்சியகத்தில் ஒரு பச்சைப் படத்தைப் பார்த்திருந்தார். இலக்குப் பலகை மாதிரி வட்டத்துக்குள் வட்டம், முழுக்கப் பச்சை. பெயர் மட்டும் மனதில் நின்றிருந்தது: ஜாஸ்பர் ஜான்ஸ். அந்த ஜாஸ்பரா? அந்த ஜாஸ்பர்தான்.

கீழே போனால் அறை முழுக்கக் கொடிகள், இலக்குகள், எண்கள். யாரும் பார்த்திராதவை. ஜான்ஸுக்கு அப்போது 26 வயது. கஸ்டெல்லி அங்கேயே கண்காட்சி தருகிறேன் என்று சொல்லிவிட்டார். இலியானா அன்றே ஒரு படத்தை வாங்கிவிட்டார். இவர் வாக்குக் கொடுத்தார், அவர் பணம் கொடுத்தார். யாருக்குத் துணிச்சல் அதிகம், நீங்களே சொல்லுங்கள்.

பாவம் ராஷன்பர்க். தன் படத்தைப் பார்க்க வந்தவர்களை ஐஸ் எடுக்கப் போய்க் கீழ் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

#4 தெற்குஜன்னல்

இலுப்பைப்பூ சொன்னதை மறுக்கவில்லை. இலியானா இல்லாமல் லியோ இல்லை. 1959-இல் விவாகரத்து ஆன பிறகும் கடைசிவரை இருவரும் வியாபாரத்தில் கைகோத்தே இருந்தார்கள். ஆனால் படத்தைக் கண்டுபிடிப்பது வேறு, அதற்கு ஓர் இடம் கண்டுபிடிப்பது வேறு. ஐஸ் கதையை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு அடுத்த பத்து மாதத்தை யாரும் சொல்வதில்லை.

1958 ஜனவரியில் ஜான்ஸின் கண்காட்சி. அந்த மாத 'ஆர்ட்நியூஸ்' பத்திரிகையின் அட்டையில் ஜான்ஸின் படம், நான்கு முகங்கள் வைத்த இலக்கு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கிற ஆல்ஃபிரட் பார் என்பவர் நேரில் வந்து மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்தார். புதுமுகம் ஒருவரின் முதல் கண்காட்சிக்கு நடக்கிற காரியமா அது! ஆல்ஃபிரட் பார் கொடி ஓவியத்தையும் எடுக்க ஆசைப்பட்டார். ஆனால் தேசக்கொடியை இப்படி வரைந்ததை யாராவது அவமதிப்பு என்று கிளப்பிவிட்டால்? அறங்காவலர்கள் என்ன சொல்வார்கள்? அதனால் கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஜான்சனைப் பிடித்து வாங்கவைத்தார். ஜான்சன் அதைப் பிறகு அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார்.

இன்னொரு படத்தின் மேல்பக்கம் மரப்பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் உடல் உறுப்பின் வார்ப்பு, ஒவ்வொன்றுக்கும் திறந்து மூடும் மூடி. அதில் ஒன்றில் ஆண்குறி. அந்த மூடியை மட்டும் எப்போதும் மூடிவைக்கலாமா என்று பார் கேட்டார். சில நேரம் மூடலாம், எப்போதும் முடியாது என்றார் ஜான்ஸ். பார் வாங்கவில்லை. அந்தப் படத்தை யார் வாங்கினார் தெரியுமா? கஸ்டெல்லியே.

இரண்டு மாதம் கழித்து ராஷன்பர்க்கின் கண்காட்சி. விற்றவை இரண்டே இரண்டு. ஒன்றை வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொன்று 'படுக்கை' என்ற படைப்பு. அதை வாங்கியவரும் கஸ்டெல்லிதான்.

#5 பேரேடு

மாதக் காசோலை பற்றி ஒரு சின்னத் திருத்தம். அதைச் சம்பளம் என்று நினைத்துவிடாதீர்கள். அது முன்பணம். ஓவியர் பெயரில் ஒரு கணக்கு திறக்கப்படும். மாதாமாதம் கொடுப்பது பற்றில் ஏறும். படம் விற்றால் ஓவியரின் பங்கு வரவில் ஏறும். விற்பனை நன்றாக இருந்தால் ஓவியருக்கு மேல்தொகை கிடைக்கும். இல்லாவிட்டால் கடன் ஏறிக்கொண்டே போகும், பல நேரம் படமாகவே அடைபடும். அப்படித்தான் கேலரிக்காரரின் பின்னறையில் படங்கள் சேர்கின்றன. பத்து வருடம் கழித்து அந்தப் பின்னறைதான் சொத்து.

இது புதிதும் அல்ல. பாரிஸ் வியாபாரிகள் நெடுங்காலமாகச் செய்ததுதான். நியூயார்க்கில் அன்று பெரும்பாலான கேலரிகள் செய்யாததால் கஸ்டெல்லி வள்ளலாகத் தெரிந்தார். நெல் அறுவடைக்கு முன்பே கடன் கொடுத்து நெல்லாக வாங்கிக்கொள்கிற மண்டிக்காரரை நாம் வள்ளல் என்று சொல்வதில்லை.

#6 தெற்குஜன்னல்

பேரேடு, கணக்கு சரி. ஆனால் மண்டிக்காரருக்கு நெல் விளையும் என்று தெரியும். 1968-இல் கஸ்டெல்லி மேற்கு 108-ஆம் தெருவில் ஒரு கிடங்கை எடுத்துக் கண்காட்சி வைத்தார். சிற்பி ரிச்சர்ட் செர்ரா அங்கே என்ன செய்தார் தெரியுமா? ஈயத்தை உருக்கி, அகப்பையால் அள்ளி, சுவரும் தரையும் சேரும் மூலையில் வீசினார். ஆறிப்போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அதுதான் படைப்பு. யார் வீட்டுக்கு எடுத்துப்போவது? கண்காட்சி முடிந்ததும் அதுவும் போயிற்று. அந்த மனிதருக்கும் மாதக் காசோலை போய்க்கொண்டிருந்தது. இதில் எந்த நெல்லை எதிர்பார்ப்பது?

#7 காவிக்கல்

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஓவியன். பிழைப்புக்குப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர்.

சில வருடம் முன்பு ஒரு கேலரிக்கு ஏழு படங்கள் கொடுத்தேன். எந்த ஊர், எந்த கேலரி என்பதெல்லாம் வேண்டாம். கையெழுத்துப் போட்ட தாள் எதுவும் இல்லை, "நம்மளுக்குள்ள எதுக்கு சார்" என்றார்கள். மூன்று விற்றது. விற்றது என்று எனக்குச் சொன்னவர் வாங்கியவரின் டிரைவர். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். பணம் வர பதினான்கு மாதம் ஆயிற்று, அதுவும் நான்கு துண்டாக. மீதி நான்கு படங்கள் திரும்பி வந்தபோது பெரிய கேன்வாஸின் கீழ் மூலை நசுங்கியிருந்தது. நான் சுற்றி அனுப்பிய அதே பழைய பெட்ஷீட், அதே முடிச்சு. அதாவது பிரிக்கவே இல்லை. ஒரு நாள்கூடச் சுவரில் ஏறாமல் ஒன்றரை வருடம் எங்கேயோ சாய்ந்து நின்றிருக்கிறது.

அதனால் பேரேடு ஐயா சொல்கிற அந்தப் பற்றுக் கணக்கு எனக்குச் சொர்க்கமாகத் தெரிகிறது. கடன் ஏறட்டும் ஐயா. என் பெயரில் ஒரு கணக்கு திறந்து ஒருவர் ஒரு நம்பிக்கையை எழுதிவைக்கிறாரே, அது போதும்.

#8 பேரேடு

காவிக்கல் ஐயா, வருத்தமாக இருக்கிறது. இனிமேல் யாரிடம் கொடுத்தாலும் ஒரே ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள்: படத்தின் பெயர், அளவு, விலை, கமிஷன் எவ்வளவு, விற்றால் எத்தனை நாளில் பணம், விற்கும்வரை உரிமை உங்களுடையது, சேதம் ஆனால் யார் பொறுப்பு. அரைப்பக்கம் போதும். நம்மளுக்குள்ள எதுக்கு என்பவரிடம்தான் கட்டாயம் வாங்க வேண்டும்.

#9 ஹட்சன்கரை

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மேலே சொன்ன 'படுக்கை'யை நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். புகைப்படத்தில் பார்த்தால் ஒன்றும் புரியாது. நேரில் பார்த்தால் ஆளை நிறுத்திவிடும்.

கட்டில் அளவுக்கு ஒரு மரச்சட்டம், சுவரில் நிமிர்ந்து நிற்கிறது. அதில் துண்டுத்துணி கோத்துத் தைத்த ஒரு ரஜாய், சதுரம் சதுரமாக, சாயம் மங்கிப்போய். மேலே வெள்ளை விரிப்பு மடித்துவிட்டிருக்கிறது. தலையணை உண்மையான தலையணை, உறையில் பென்சில் கிறுக்கல். அந்த மேல்பாதியில்தான் பெயிண்ட்டை ஊற்றி, அப்பி, வழியவிட்டிருக்கிறார். கீழ்ப்பாதி ரஜாய் அப்படியே சுத்தம். கேன்வாஸ் வாங்கக் காசில்லாமல் ரஜாயில் வரைந்தேன் என்று ராஷன்பர்க்கே சொல்லியிருக்கிறார். என்னோடு வந்த என் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட அது நல்ல கேள்வி.

பக்கத்தில் ஒட்டியிருக்கிற குறிப்புச் சீட்டில் அன்பளிப்பு என்று கஸ்டெல்லியின் பெயர் இருக்கிறது. 1958-இல் யாரும் தொடாததால் தானே வாங்கி, 31 வருடம் வைத்திருந்து, 1989-இல் கொடுத்தது.

#10 சும்மா_வந்தவன்

சரி, படுக்கை வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். பீர் டப்பாவை வெண்கலத்தில் வார்த்து விற்றார்களாமே? அதையும் இந்த ஆள்தானே விற்றார்?

#11 தெற்குஜன்னல்

ஆமாம், இந்த ஆள்தான். கதை இது. டி கூனிங்குக்குக் கஸ்டெல்லி மேல் எரிச்சல். அந்த ஆளிடம் இரண்டு பீர் கேனைக் கொடுத்தால் அதையும் விற்றுவிடுவான் என்று திட்டியிருக்கிறார். இது ஜான்ஸின் காதுக்குப் போனது. நல்ல யோசனையாக இருக்கிறதே என்று 1960-இல் இரண்டு பேலன்டைன் ஏல் டப்பாக்களை வெண்கலத்தில் செய்து, லேபிளைக் கையால் தீட்டினார். கிட்டப் போனால்தான் தூரிகைத் தடம் தெரியும். ஒரு டப்பா திறந்தது, ஒன்று மூடியது. கஸ்டெல்லி விற்றார், 960 டாலருக்கு. வாங்கியவர் ராபர்ட் ஸ்கல்.

ஸ்கல் நியூயார்க்கில் டாக்ஸி கம்பெனி நடத்தியவர். கஸ்டெல்லியிடம் அள்ளி அள்ளி வாங்கினார். 1965-இல் ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் வரைந்த 'எஃப்-111' என்ற படம் 86 அடி நீளம். அந்தக் கூடத்தின் நான்கு சுவரையும் சுற்றி மாட்டினார்கள், கதவைத் தாண்டியதும் விமானத்துக்குள் நிற்கிற மாதிரி. பலகை பலகையாக விற்கலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள், கேட்கவும் ஆள் இருந்தது. முழுசாகத் தருகிறாயா என்று ஸ்கல் வந்ததும் அவருக்கே போனது. நான் முதலில் சொன்ன பிடிவாதம் இங்கே தெரியும். நாலு பேருக்கு வெட்டிக் கொடுத்திருந்தால் இன்று அந்தப் படமே இல்லை. இப்போது அது முழுசாக நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

#12 காவிக்கல்

ஸ்கல் என்றதும் எனக்கு 1973 ஏலம்தான் ஞாபகம் வருகிறது. சொல்லுங்கள் தெற்குஜன்னல், அதையும் சொல்லுங்கள்.

#13 தெற்குஜன்னல்

சொல்லாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன் :)

1973 அக்டோபர் 18, சோத்பி ஏலக்கூடம். ஸ்கல் தன் சேகரிப்பிலிருந்து ஐம்பது படங்களை விற்றார். வாசலில் டாக்ஸி ஓட்டுநர்கள் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். ராஷன்பர்க்கின் 'உருகல்' என்ற படம் ஸ்கல் 900 டாலருக்கு வாங்கியது, 85,000-க்குப் போனது. ஜான்ஸின் 'இரட்டை வெள்ளை வரைபடம்' 2,40,000. அந்தப் பீர் டப்பாக்கள் 90,000. மொத்தம் 22 லட்சம் டாலருக்கு மேல். வரைந்தவர்களுக்கு ஒரு சல்லி கிடையாது.

ஏலம் முடிந்ததும் ராஷன்பர்க் நேராக வந்து ஸ்கல்லைப் பிடித்துத் தள்ளினார். நீ லாபம் பார்க்கத்தான் நான் இத்தனை நாள் உழைத்தேனா என்று கேட்டார். அது கேமராவிலும் பதிவாகியிருக்கிறது. ஸ்கல் சிரித்துக்கொண்டே, உன் புதுப்படங்களின் விலையும் ஏறுமே, இருவரும் ஒருவருக்கொருவர்தான் உழைத்திருக்கிறோம் என்கிற மாதிரி சமாளித்தார்.

#14 காவிக்கல்

ஸ்கல் சொன்னது பொய்யில்லை, அதுதான் எரிச்சல். ஆனால் விலை ஏறும்போது கையில் படம் வைத்திருக்க ஓவியனுக்கு எங்கே வசதி? அன்றைக்கு வாடகை கொடுக்கத்தானே 900-க்குக் கொடுத்தான்.

#15 பேரேடு

அந்த ஏலத்துக்குப் பிறகுதான் ராஷன்பர்க் மறுவிற்பனைப் பங்குக்காகக் குரல் கொடுத்தார். கலிஃபோர்னியா 1976-இல் ஒரு சட்டம் போட்டது, மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 சதவீதம். பிற்பாடு நீதிமன்றங்கள் அதைக் கிட்டத்தட்ட வெறும் கூடாக்கிவிட்டன. பிரான்ஸில் 1920-லிருந்தே இந்த உரிமை இருக்கிறது.

பலருக்குத் தெரியாதது: நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் இருக்கிறது, பிரிவு 53ஏ. மூலப்படம் மறுபடி 10,000 ரூபாய்க்கு மேல் விலைபோனால் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். கேட்டு வாங்கிய ஒருவரையும் நான் என் தொழிலில் பார்த்ததில்லை. பங்கு கேட்க முதலில் படம் கைமாறியது தெரியவேண்டும். டிரைவர் சொல்லித்தான் தெரிகிறது என்றால் என்ன செய்வது.

#16 இலுப்பைப்பூ

கஸ்டெல்லியின் தப்புகளையும் கொஞ்சம் பேசலாமா? ஆரத்தி அதிகமாகிவிட்டது.

முதல் தப்பு ஓவியர் ஆண்டி வார்ஹால் விஷயத்தில். 1961-இல் கேலரியின் இயக்குநர் ஐவன் கார்ப் மூலமாக ராய் லிக்டன்ஸ்டைனின் காமிக்ஸ் படங்கள் வந்தன. கஸ்டெல்லி தயங்கித் தயங்கி எடுத்துக்கொண்டார். அதே சமயம் வார்ஹாலும் காமிக்ஸ்தான் வரைந்துகொண்டிருந்தார். ஒரே கேலரியில் ஒரே மாதிரி இருவர் வேண்டாம் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். வார்ஹால் காமிக்ஸை விட்டுவிட்டுச் சூப் டப்பாவுக்குப் போனதில் இந்த மறுப்புக்கும் பங்கு உண்டு.

அந்த 32 சூப் டப்பாப் படங்களும் முதலில் மாட்டப்பட்டது 1962-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபெரஸ் கேலரியில். ஒவ்வொன்றும் 100 டாலர். ஐந்தாறுதான் போயிற்று. கேலரிக்காரர் இர்விங் ப்ளம் அதைப் பார்த்து, 32-உம் சேர்ந்திருந்தால்தான் அழகு என்று முடிவுசெய்து, விற்றதையும் கெஞ்சித் திரும்ப வாங்கினார். வார்ஹாலுக்கு மொத்தம் 1,000 டாலர், மாதம் 100 வீதம் பத்துத் தவணை. 1996-இல் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனபோது பாதி அன்பளிப்பு, பாதி விலை என்று 1.5 கோடி டாலர் கணக்கு. தெற்குஜன்னல் சொல்கிற அந்தப் பிடிவாதம் ப்ளமுக்கும் இருந்தது. கஸ்டெல்லி வார்ஹாலை எடுத்துக்கொண்டது 1964-இல், பூக்கள் கண்காட்சியோடு.

இரண்டாவது தப்பு, பெண்கள். 1957-இல் மரிசோல், 1960-லிருந்து லீ பான்டெகூ, பிறகு ஹானே டார்போவன். அதற்கு மேல் எண்ண விரல் அவ்வளவாகத் தேவைப்படாது. பான்டெகூவைப் பாருங்கள் தயவுசெய்து. இரும்புக் கம்பிச் சட்டத்தில் பழைய கேன்வாஸைக் கம்பியால் கட்டிக் கட்டி, நடுவில் ஒரு கருங்குழி. கூடத்தில் இருந்த ஆண்களில் பாதிப் பேரைவிட அவர் மேல்.

#17 நெறியாளர்

முந்தைய பதிவுக்குக் கீழே வந்த மூன்று பதில்களை நீக்கியிருக்கிறேன். எந்த ஓவியர் யாரைவிட மேல் என்ற சண்டைக்குத் தனி இழை திறந்துகொள்ளவும்.

#18 ஹட்சன்கரை

77-ஆம் தெரு வீட்டைத் தேடிப் போனேன் ஒரு நாள். செண்ட்ரல் பார்க்கிலிருந்து ஐந்தாம் அவென்யூவைத் தாண்டினால் வந்துவிடுகிறது. ஒடுக்கமான கல் முகப்பு. கேலரி என்று தெரியாவிட்டால் யாரோ வக்கீல் வீடு என்று நினைத்துப் போய்விடுவீர்கள். நான் போனபோது அங்கே வேறொரு கேலரி இருந்தது. கஸ்டெல்லி பெயரில் உள்ள கேலரி அப்போது அதே தெருவில், சில வாசல் தள்ளி இருந்தது. 1999-இல் அவர் இறந்த பிறகு அதை அவருடைய மூன்றாவது மனைவி நடத்திவந்தார்.

1971-இல் நியூயார்க்கின் சோஹோ பகுதிக்குப் போனதுதான் எனக்குப் பிடித்த கட்டம். மேற்கு பிராட்வே 420. பழைய கிடங்குக் கட்டடம், மாடிக்கு ஒரு கேலரி. இரண்டாம் மாடியில் கஸ்டெல்லி, அவருக்கு மேல் மாடியில் இலியானா! விவாகரத்தாகிப் பன்னிரண்டு வருடம். இலியானாவுக்கு மறுமணமாகி, சொன்னபெண்ட் என்ற பெயரில் பாரிஸில் கேலரி நடத்திவிட்டு, இங்கே வந்து முன்னாள் கணவரின் தலைக்கு மேலே கடை போட்டார். சனிக்கிழமை ஜனங்கள் கீழே பார்த்துவிட்டு மேலே போவார்களாம். நம்ம ஊரில் பங்காளிகள் ஒரே தெருவில் எதிரெதிரே ஜவுளிக்கடை வைத்த மாதிரி, ஆனால் சண்டை இல்லாமல்.

#19 தெற்குஜன்னல்

அந்தப் பாரிஸ் கடையை லேசாக விடாதீர்கள். 1964 வெனிஸ் கலை விழாவில் ராஷன்பர்க் ஓவியப் பெரும்பரிசு வாங்கியதற்குப் பின்னால் இலியானா இரண்டு வருடமாக ஐரோப்பாவில் போட்ட உழைப்பு இருக்கிறது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் அமெரிக்கச் சதி என்று கொதித்தன. அமெரிக்கக் கூடம் சின்னது என்பதால் பாதிப் படங்கள் பழைய துணைத் தூதரகக் கட்டடத்தில் இருந்தன. விழா நடக்கிற பூங்கா வளாகத்துக்குள் இருப்பதற்குத்தான் பரிசு என்றார்கள். உடனே படங்களைப் படகில் ஏற்றிக் கால்வாய் வழியாகக் கொண்டுபோனார்கள். வெயிலில், திறந்த படகில், கேன்வாஸ் நிமிர்ந்து நிற்கிற புகைப்படம் இருக்கிறது.

பரிசு கிடைத்த மறுநாள் ராஷன்பர்க் நியூயார்க்குக்கு ஃபோன் போட்டார். ஸ்டுடியோவில் இருக்கிற தான் படம் அச்சடிக்கிற பட்டுத்திரைகளை எல்லாம் அழித்துவிடச் சொன்னார். ஜெயித்ததையே திரும்பத் திரும்பச் செய்துவிடுவோமோ என்ற பயம். எந்த கேலரிக்காரருக்கும் அந்த ஃபோன் பிடித்திருக்காது. கஸ்டெல்லி எதிர்த்து ஒன்றும் செய்யவில்லை.

இன்னொன்று. வேறு ஊர் கேலரிகளுக்குத் தன் ஓவியர்களைத் தாராளமாகக் கொடுத்தார். லாஸ் ஏஞ்சலஸில் ப்ளம், டூரினில் ஸ்பெரோனே, பாரிஸில் இலியானா. கமிஷனைப் பகிர்ந்துகொண்டார்கள். எல்லாவற்றையும் தானே விற்கவேண்டும் என்று பிடித்துவைத்திருந்தால் அந்த ஓவியர்கள் நியூயார்க்கோடு நின்றிருப்பார்கள்.

#20 பேரேடு

ஆனால் கடைசிக் காலத்தில் அதே தாராளம் அவரைக் கைவிட்டது. எண்பதுகளில் ஆட்டம் மாறிப்போயிற்று. ஜான்ஸின் 'மூன்று கொடிகள்' 1959-இல் அவர் கேலரி விற்றது, 900 டாலர், கொண்டுபோய்க் கொடுக்க 15 டாலர். 1980-இல் விட்னி அருங்காட்சியகம் அதையே பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்த வியாபாரத்தை முடித்தவர் பேஸ் கேலரியின் ஆர்ன் கிளிம்ச்சர். கஸ்டெல்லிக்கு அதில் இடமே இல்லை. அவருடைய ஓவியர் ஜூலியன் ஷ்னாபெலும் 1984-இல் அதே பேஸுக்குப் போனார். முதல் விற்பனையில் நம்பிக்கை வேண்டும், மறுவிற்பனையில் பணமும் வேகமும் வேண்டும். அந்த இரண்டாவது ஆட்டத்தை அவரிடமே வந்து பழகிக் கற்றுக்கொண்டவர் லாரி ககோசியன். இன்று உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த கதை ஒன்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். ராஷன்பர்க்கின் 'கேன்யன்', 1959. கேன்வாஸின் அடியில் பாடம் செய்த நிஜக் கழுகு, சிறகை விரித்து நிற்கிறது. அமெரிக்காவின் தேசியப் பறவை, வெண்தலைக் கழுகு. குப்பையில் கிடந்ததை ஒரு தோழி எடுத்துக் கொடுத்தது. இலியானா கடைசிவரை தன்னிடமே வைத்திருந்தார். 2007-இல் அவர் இறந்தார், விட்டுப்போன சொத்துக்கு வாரிசுகள் வரி கட்டவேண்டும். வெண்தலைக் கழுகை விற்பது சட்டப்படி குற்றம். விற்க முடியாத பொருளுக்கு என்ன விலை? மதிப்பீட்டாளர்கள் பூஜ்யம் என்றார்கள். வரித்துறை 6.5 கோடி டாலர் என்றது, 2.92 கோடி வரி கட்டு, அபராதம் தனி என்றது. கட்டுவதற்காக அதை விற்றால் சிறை!

2012-இல் சமரசம் ஆனது. வாரிசுகள் படத்தை நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள், வரி கோரிக்கை கைவிடப்பட்டது. வாரிசுகள் கேட்டது, இலியானாவைப் பற்றி ஒரு கண்காட்சி, முகப்பில் இருக்கிற நிறுவனர் பட்டியலில் அவர் பெயர். இரண்டும் நடந்தது.

#21 இலுப்பைப்பூ

லியோவின் படுக்கையும் இலியானாவின் கழுகும் கடைசியில் ஒரே கட்டடத்தில். இரண்டும் ஐஸ் இல்லாத அந்த வீட்டுக்காரர் செய்தது.

#22 சும்மா_வந்தவன்

காவிக்கல் அண்ணே, ஒரு கேள்வி. அந்த மூலை நசுங்கின படம் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? அந்தச் சூப் டப்பாக்காரர் மாதிரி மாதாமாதம் தவணையில் கொடுத்தால் தருவீர்களா? மாமனாரைக் கேட்க மாட்டேன், சத்தியமாக என் பணம்.

#23 காவிக்கல்

இருக்கிறது. நாலுக்கு மூன்று அடி. செம்மண் நிறம், நடுவில் ஒரு கிணற்று ராட்டினம். மூலையை நானே சரிசெய்துவிட்டேன், ஆனால் சாய்த்துப் பார்த்தால் தெரியும். பேரேடு ஐயா சொன்ன அரைப்பக்கத் தாளோடு வாருங்கள், தவணை பேசலாம்.

சுவர் அகலம் எவ்வளவு என்று அளந்துகொண்டு வாருங்கள். வெயில் நேராக அடிக்கிற சுவர் என்றால் தரமாட்டேன்.